நம்பிக்கைகளும் உண்மைகளும்: ஜி.பி.எஸ். ரிசீவரும் பின்னணிச் சேவையும்

மட்டக்களப்பு வாவியின் ஆழத்தை அளப்பதற்கென மடிக்கணினியோடு தோணி ஏறுகிறவர்களுள், கரையை விட்டகன்று இணையத் தொடர்பு அறுந்த மாத்திரத்தில் ஜி.பி.எஸ். கருவியும் குருடாகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. ரிசீவரோ, ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞையைக் கேட்பதேயன்றி அவற்றுக்கோ இணையத்துக்கோ ஒன்றையும் அனுப்புவதில்லை. நான்கு கோள்களின் குரல் கிட்டினால் இடத்தையும் காலத்தையும் தானே கணித்துவிடும். கைபேசி இணையத்தின் உபகாரத்தால் கோள்களின் விவரத்தை முன்கூட்டியே பெற்று நொடிகளில் இடம் சொல்லிவிடுவதைப் பார்த்துப் பழகியதால் எழுந்த பிரமை இது.

லினக்ஸ் கணினிகளில் பின்னணியில் ஓடும் ஜி.பி.எஸ்.டி. என்ற இலவசச் சேவையைப் பற்றிய பிரமைகளோ இன்னும் விசித்திரமானவை. அதை நிறுவினால் துல்லியம் பெருகும் என்பர்; பெருகாது. ரிசீவர் கணினிக்கு அனுப்பும் தகவல் வரிகளை இரண்டு நிரல்கள் நேரே படிக்க முயன்றால் ஒன்றின் வரியை மற்றொன்று பறித்துக்கொள்ளும். வாவியின் குறுமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் பலரையும் 'பாதை' எனப்படும் ஒரே மிதவைப் படகு ஏற்றிச் செல்வதுபோல, வரைபடத்துக்கும் பதிவேட்டுக்கும் கடிகாரத்துக்கும் ஒரே சமயத்தில் தகவலைச் சேர்ப்பிப்பதே இச்சேவையின் தொழில். அந்த விநியோகம் 2947 என்ற துறை (போர்ட்) எண்ணின் வழியே, நாமாகத் திறந்துவிட்டாலொழிய, அக்கணினிக்குள்ளேயே நிகழும்.

நிறுவிய பின்பும் கணினிக் கடிகாரம் திருந்தவில்லையே, ரிசீவர் பழுது போலும் என்று கடைக்காரரிடம் வாதாடப் புறப்படுவது அடுத்த அவசரம். ஏதேனும் ஒரு நிரல் வந்து கேட்கும்வரை ரிசீவரைத் திறவாதிருப்பதே இச்சேவையின் சுபாவம். கடிகாரத்துக்காக அது எந்நேரமும் விழித்திருக்க வேண்டுமாயின், அமைப்புக் கோப்பில் கழித்தற்குறியோடு 'என்' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தல் அவசியம். பழைய சீரியல் கம்பி ரிசீவராயின், யூ.எஸ்.பி. வகையைப்போலத் தானாகக் கண்டுகொள்ளப்படாது. அதன் சாதனப் பெயரையும் அங்கேயே எழுதவேண்டும்.

இத்தனையும் சரியாக அமைந்து, வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையோரம் நீரில் மிதக்கும் தோணி பழைய நில அளவைப் படத்தில் வேறோரிடத்தில் நிற்பதாகத் தோன்றினால், குற்றம் சேவையினுடையதன்று. அப்படங்கள் கந்தவளை என்ற இலங்கை நில அளவை ஆதாரத்தில் (டேட்டம்) வரையப்பட்டவை. ரிசீவர் சொல்வது உலகப் பொது ஆதாரமான டபிள்யூ.ஜி.எஸ். 84. மாற்றாமல் குறித்தால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் விலகி விழும்.

இனி, வானத்துக் காலம் வழுவாது என்ற நம்பிக்கை. வாரங்களை 1024 வரையே எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குவது ஜி.பி.எஸ். மரபாதலால், எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதைக் கேட்பவரே ஊகிக்கவேண்டும். அந்த ஊகத்தில் நேர்ந்த பிழையால் ஜி.பி.எஸ்.டி.யின் 3.20 முதல் 3.22 வரையிலான பதிப்புகள், கோள்கள் யாதொரு குற்றமும் செய்யாதிருக்க, 2021 அக்டோபர் 24 அன்று 2002 மார்ச் மாதத்துக்குப் பின்னோக்கிச் செல்லும் நிலை ஏற்பட்டது. 3.23இல் அது திருத்தப்பட்டுவிட்டது. பழைய மடிக்கணினியைத் தோணியில் ஏற்றுமுன் பதிப்பெண்ணைப் பார்த்துக்கொள்வது உசிதம்.