ஒரு விசைக்கு இரு பெயர்

தொலைவிலுள்ள கணினியில் பணி புரிவோர்க்கு இணைப்பு அறுதல் பெருந்துன்பமாம். கணியம்பாடியிலிருந்து வேலூர்க் கணினியொன்றில் பழைய நூலைத் தட்டெழுதும் மாணவன், மின்சாரம் நின்ற அளவில் தன் உழைப்பெல்லாம் வீணாயிற்றென ஏங்குவான். இத்துன்பத்தைப் போக்கவல்லவை முனையப் பன்மையாக்கிகள். 1987-ல் தோன்றிய ஸ்கிரீன் இவற்றுள் மூத்தது. நிக்கோலஸ் மாரியட் என்பார் 2007-ல் வெளியிட்ட டீமக்ஸ் இளையது. இவை ஓர் எழுத்துத்திரையைப் பல சாளரங்களாக்குவதுடன், அவற்றைத் தொலைக்கணினியிலேயே உயிரோடு வைத்திருக்கும். நம் இல்லத்தில் விளக்கணையினும் ஆங்குப் பணி அணையாது. மீண்டு சென்று விட்ட இடத்திலேயே தொடரலாம்.

டீமக்ஸுக்கு ஆணையிடும் முறை இஃது. முதற்கண் கண்ட்ரோல் விசையோடு ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தாகிய 'பி'யை அழுத்தல் வேண்டும். இனி வருவது எழுத்தன்று, கட்டளை என்பதைக் கருவி அதனால் உணரும். அடுத்து மூன்றாம் எழுத்தாகிய 'சி'யை அழுத்தின் புதிய சாளரம் பிறக்கும். நான்காம் எழுத்தாகிய 'டி'யை அழுத்தின், பணியை ஓடவிட்டு நாம் மட்டும் விலகலாம். இவை ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே.

தமிழ் எழுதுவோர்க்கு இடர் ஈண்டுத்தான் நேர்கின்றது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில், 'சி' இருக்கும் இடம் ஒகரத்துக்கு உரியது. 'டி' இருக்கும் இடம் உகரத்துக்கு உரியது. தமிழ் முறையில் இருக்கையில் விரல் பழைய இடத்தையே அழுத்தினும் கருவியைச் சேர்வது ஒகரமேயாம். அதற்குக் கட்டளை யாதும் இல்லாமையால் ஒன்றும் நிகழாது. ஒவ்வொரு சாளரத்துக்கும் மொழியை மாற்றி மாற்றி எழுதுவோனுக்குக் கை தளர்வதினும் கருத்துச் சிதறுவதே மிகுதி.

பரிகாரம் எளிது. டீமக்ஸ் யூனிக்கோடு எழுத்தையும் விசையாக ஏற்கும். அதன் அமைப்புக் கோப்பில் 'பைண்ட்' என்னும் சொல்லையும், வேண்டிய எழுத்தையும், கட்டளையின் பெயரையும் ஒரே வரியில் எழுதினாற் போதும். ஆயின் எவ்வெழுத்தைக் கொள்வது? ஆங்கிலேயர்க்கு முதலெழுத்து உதவுமாயின் நமக்கும் உதவாதோ என்று எண்ணத் தோன்றும். 'ஓய்வு' என்று கருதி விலகுதற்கு ஓகாரத்தை வைக்கலாம் என்பார் உளர். அது தீது. ஓகாரம் இருக்கும் இடம் ஆங்கிலத்தில் 'எக்ஸ்'. டீமக்ஸில் அது நடப்புப் பலகத்தையே அழிக்கும் விசை. முறையை மறந்து அழுத்தின், ஓய்வு கேட்டவனிடம் அழிக்கவா என்று கருவி வினவும். சிந்தையின்றி ஆமென்று விடையிறுத்தானாயின் சேமியாத பக்கம் போயிற்று.

ஆதலின், அதே இடத்திலுள்ள தமிழெழுத்துக்கு அதே கட்டளையை அளிப்பதே தக்கது என்பது எம் துணிபு. ஒகரத்துக்குப் புதிய சாளரம், உகரத்துக்கு விலகல். கை எம்மொழியில் இருக்கிறதென்று நினைவு காக்க வேண்டுவதில்லை. நினைவுக்குச் சொல்லும் தானே வாய்க்கின்றது: 'ஒன்று கூட்டு', 'உறங்கு' என்க. அடுத்த சாளரத்துக்கும் முந்தைய சாளரத்துக்கும் உரிய இடங்களில் லகரமும் ணகரமும் வீற்றிருக்கின்றன. அவை மொழிக்கு முதலாகா என்பது நன்னூல் பயின்றார் அறிந்ததே. எனவே அவற்றுக்குச் சொல் தேடி அலைதல் வேண்டா. மேலும், சில உள்ளீட்டு நிரல்கள் மெய்யெழுத்தை அடுத்த விசை வருமளவும் நிறுத்திவைத்தலின், அவ்விரண்டும் உடனே பயன்படா. எண்விசைகளோ இரு முறைக்கும் பொது. முன்னொட்டுக்குப்பின் 2 என்று அழுத்தின் அவ்வெண்ணுள்ள சாளரம் வந்துவிடும்.

பழைய ஆங்கில விசைகளை நீக்காமல் வைத்திருத்தல் நன்று. பிறர் கணினியில் அமரும் நாளில் அவையே துணை. கோப்பைத் திருத்தியபின் 'சோர்ஸ்-ஃபைல்' என்னும் கட்டளையால் அதனை மீளப் படிப்பித்து, 'லிஸ்ட்-கீஸ்' இட்டுப் பார்க்க. பட்டியலில் ஒகரமும் உகரமும் தோன்றுமாயின், அப்பொழுதே தமிழ் முறையில் நின்று உகரத்தை ஒருமுறை அழுத்தி விலகி மீண்டு பார்த்துக்கொள்ளலாம்.