ஃபியூஸ் மாற்றப் போகும் பிள்ளைகளுக்கு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கம்போளத்துக்கு வந்து, ஒரு ரேடியோக் கடையின் மாடிப்படிக்குக் கீழே சோல்டரிங் இரும்பைக் கையில் எடுத்து நாற்பத்தைந்து வருடமாகிறது. ஆம்ப்ளிஃபயர் கட்டிப் பழக வரும் பிள்ளைகள் இப்போது முதலில் கேட்பது இதைத்தான்: “அண்ணாச்சி, வெள்ளிக் கம்பி வைத்த ஃபியூஸ் போட்டால் சத்தம் தெளியுமா?” ஆயிரக்கணக்கில் விலை சொல்கிறார்கள் அதற்கு. அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. கரண்டு வரும் வழியை எண்ணிப் பார், மக்கா. கம்பத்திலிருந்து அலுமினியக் கம்பியில் வருகிறது. மீட்டரைத் தாண்டி உன் அறைக்கு ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி. அதில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 12 மில்லி ஓம். போக 15 மீட்டர், வர 15 மீட்டர் என்றால் 0.36 ஓம். செட்டுக்குள் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்றிலேயே இன்னும் சில ஓம். நடுவில் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் உட்கார்ந்திருக்கிறது ஃபியூஸ். ஒரு ஆம்பியர் ஃபியூஸ் என்றால் ஓமில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். 100 வாட் இழுக்கும் செட்டில் கரண்டு அரை ஆம்பியருக்கும் குறைவு. ஃபியூஸில் விழும் வோல்டேஜ் 0.1 வோல்ட்டைத் தொடாது. பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டால் உன் லைனில் அதைவிடப் பல மடங்கு இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தையும் தாங்கும்படிதான் செட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

2. ஃபியூஸின் மேல் அம்புக்குறி போட்டு, இந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும் என்கிறார்கள். நம் லைனில் கரண்டு ஒரு நொடிக்கு நூறு தடவை திசை மாறுகிறது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மாட்டு.

3. ஃபியூஸ் சத்தத்தைத் தொடும் இடம் ஒன்று உண்டு. அதை மறைத்தால் நான் சொல்வது பாதி உண்மையாகிவிடும். சில ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கர் லைனிலேயே ஃபியூஸ் இருக்கும். தாழ்ந்த சுருதியில் பெரிய கரண்டு ஓடும்போது அந்தக் கம்பி சுடும், ஆறும், மறுபடி சுடும். அதன் ரெசிஸ்டன்ஸும் கூடவே ஏறி இறங்கும். பாட்டின் அடிச்சுருதியில் அதனால் திரிபு உண்டாகும் என்பதை அளந்தே காட்டலாம். ஆம்ப்ளிஃபயர் கட்டுவது பற்றிப் புத்தகம் எழுதிய டக்ளஸ் செல்ஃப் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் விலையுயர்ந்த ஃபியூஸ் பரிகாரமல்ல. ஸ்பீக்கரைக் காக்க ரிலே வைத்த சர்க்யூட் போடு.

4. “மாற்றினேன், வித்தியாசம் கேட்டதே” என்று சொல்கிறவனை நான் பொய்யன் என்று நினைப்பதில்லை. நம் ஊரில் கடற்காற்று. ஃபியூஸ் பிடிக்கும் கிளிப் கறுத்து, இறுக்கம் தளர்ந்திருக்கும். பழையதைக் கழற்றிப் புதியதை நுழைக்கும்போது அந்தக் கறுப்பு உரசிப் போகிறது. கரகரப்பு நின்றால் காரணம் அதுதான். அதற்கு கான்டாக்ட் கிளீனரும் ஒரு துண்டுத் துணியும் போதும். பிளக்கை உருவி, கெப்பாசிட்டரில் மிச்சமிருக்கும் வோல்டேஜை மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வை.

5. அப்படியும் சந்தேகமிருந்தால் சோதித்துப் பார். இந்தத் தெருவில் மண்சட்டி வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம். மஞ்சள் வாங்கினால் தராசு முள்ளைப் பார்க்கிறோம். காதுக்கும் அப்படி ஒரு தராசு வேண்டும். கூட்டுக்காரன் நாணயம் சுண்டி, நீ அறைக்கு வெளியே நிற்கும்போது ஃபியூஸைப் போடட்டும். எது உள்ளே இருக்கிறது என்பதை அவனும் முகத்தில் காட்டக் கூடாது. செட்டின் பின்னால் மறைந்து நிற்கட்டும். வால்யூம் குமிழை யாரும் தொடாதீர்கள். பத்துத் தடவை கேட்டு எழுதி வை. ஊகத்திலேயே ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஒன்பது வந்தால் என்னிடம் வா, நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

6. ஃபியூஸின் மூடியில் இருக்கும் எழுத்தைப் படிக்கப் பழகு. T என்றால் மெதுவாக உருகுவது, F என்றால் சட்டென்று உருகுவது. டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் சுவிட்ச் போட்ட கணத்தில் நிறைய இழுக்கும். அதில் F போட்டால் போகும், மறுபடியும் போகும். பொறுமையிழந்து பெரிய ஆம்பியர் போடத் தோன்றும். போடாதே. கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடி, பீங்கான் இருந்த இடத்தில் பீங்கான். சாதாரணக் கண்ணாடி ஃபியூஸ் 35 ஆம்பியரையோ, தன் அளவைப்போல் பத்து மடங்கையோ, எது அதிகமோ அதுவரைதான் பத்திரமாக அறுக்கும். உள்ளே மணல் அடைத்த பீங்கான் வகை 1500 ஆம்பியர் வரை தாங்கும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வாடிக்கைக்காரர் அவசரப்படுத்தினார் என்று, எரிந்த ஃபியூஸின் மேல் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிக் கொடுத்தேன். ஒரு ராத்திரிக்குத்தானே என்று நினைத்தேன். அந்த ராத்திரியே டிரான்ஸ்ஃபார்மர் கருகிப் புகைந்தது. அதே அறையில் அவருடைய குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. புகை நாற்றத்தில் தாய் விழித்ததால் பிழைத்தது. நெருக்கிக் கட்டிய இந்தத் தெருவில் கடை தீப்பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ராத்திரி நினைவுக்கு வருகிறது.

7. துலா மாத இடிக்கு எந்த ஃபியூஸும் நிற்காது. வானம் இருண்டால் பிளக்கை உருவு, ஆன்டெனா வயரையும்.

8. ஃபியூஸுக்கு வைத்த பணத்தை அறைக்குச் செலவிடு. பூஜை நாட்களில், பத்மநாபபுரத்து சரஸ்வதி அம்மன் இங்கே எழுந்தருளியிருக்கும் ஒன்பது மாலையும் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்துக்குப் போ. ஸ்வாதித் திருநாள் கீர்த்தனம் பாடுவார்கள், யாரும் கைதட்டுவதில்லை. கூரையைப் பார். நாதம் சிதறாமல் இருக்க மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கட்டியவர்கள் எதில் கை வைத்தார்கள் என்று கவனி. வீட்டுக்கு வந்ததும் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னால் இழு, மொட்டைச் சுவரில் கனத்த துணியோ புத்தக அலமாரியோ வை, தரையில் ஒரு ஜமக்காளம் விரி. பிறகு முந்தின நாள் கேட்ட அதே பாட்டைப் போட்டுக் கேள்.