முதல் ட்ரைபாட் வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் விடிகாலையில் சாங்கி ஏரிக்கரைப் பக்கம் போனால், தோளில் கேமராவோடு இளவட்டங்கள் நிற்பதைப் பார்க்கலாம். கடன் வாங்கியோ, முதல் சம்பளத்திலோ கேமரா வாங்கியிருப்பார்கள். அதோடு கை காலி. பேச்சுக் கொடுத்தால் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: "அங்கிள், ரெண்டாயிரத்துக்குள்ள நல்ல ட்ரைபாட் எது?"

நின்றபடியே பதில் சொன்னால் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் எழுதியே வைக்கிறேன். உறுதி, உயரம், குறைந்த எடை, குறைந்த விலை ஆகிய நான்கும் ஒரே ட்ரைபாடில் கிடைக்காது. காசு இருப்பவர்கள் விலையை விட்டுக்கொடுப்பார்கள். காசு இல்லாதவர்கள் உயரத்தையும் எடையையும் விட்டுக்கொடுங்கள். சுமக்கத் தெம்பும், குனிய முதுகும் இந்த வயதில் இருக்கிறது. உறுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

1. முதலில், உங்களுக்கு ட்ரைபாட் தேவையா என்று பாருங்கள்.

ஃபிலிம் காலத்தில் கோடாக்ரோம் 64 போட்டால் ஐஎஸ்ஓ 64தான், ஏற்ற வழியே கிடையாது. வெளிச்சம் குறைந்தால் முக்காலி இல்லாமல் கதியில்லை. இதே பெங்களூரில் இருந்துகொண்டு காட்டுயிர்ப் படங்களுக்குப் பெயர்பெற்ற டி.என்.ஏ. பெருமாள் (1932–2017) தலைமுறை அப்படித்தான் கற்றுக்கொண்டது. இன்று உங்கள் கேமராவில் ஐஎஸ்ஓ 3200 வைத்தாலும் படம் பார்க்கும்படி வருகிறது, லென்ஸுக்குள்ளேயே ஆட்டம் அடக்கும் வசதியும் இருக்கிறது. எட்டாவது கிராஸ் பூக்கடை, சம்பிகே ரோடு நெரிசல், வீட்டுக் குழந்தை இதற்கெல்லாம் ட்ரைபாட் வேண்டாம், இடைஞ்சல்தான். அந்தி வெளிச்சம், நீண்ட எக்ஸ்போஷர், நெருங்கி எடுக்கும் பூச்சி, விற்பனைக்குப் பொருள் படம், ஆள் துணையில்லாமல் எடுக்கும் வீடியோ ஆகியவற்றுக்குத்தான் அது வேண்டும்.

2. வாங்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை.

பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, ஒரு பக்கம் தைத்து, உள்ளே கொள்ளைக் கொட்டி மறுபக்கமும் தையுங்கள். மதில், காரின் ஜன்னல், பார்க் பெஞ்ச் எதன்மேல் வைத்தாலும் கேமரா அதில் அமுங்கி உட்காரும். லென்ஸுக்கும் கீழே தாங்கல் கிடைக்கும். மலிவான முக்காலிகள் பலவற்றைவிட இது அசையாமல் இருக்கும். வெளியூர் போகும்போது வெறும் பையை மடித்து எடுத்துப்போய், போன ஊரில் அரை கிலோ கொள்ளு வாங்கி நிரப்பலாம். அப்படிச் செய்வதாக இருந்தால் ஒரு பக்கத்துக்குத் தையலுக்குப் பதில் ஜிப் வையுங்கள்.

இன்னொன்று கயிறு. கேமராவின் அடியில் உள்ள துளைக்குப் பொருந்தும் போல்ட்டில் கயிறு கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்து, கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்து எடுப்பது. ஓரிரு ஸ்டாப் கூடுதலாகக் கை தாங்கும். போல்ட் வாங்கும்போது கவனம். அந்தத் துளை கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. உலகம் முழுக்க அதே அளவுதான். ஹார்டுவேர் கடையில் 6 எம்எம் போல்ட்டை எடுத்து நீட்டுவார்கள், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மரை ஒத்துப்போகாது. முறுக்கி ஏற்றினால் கேமராவின் துளை பாழ். துளையின் ஆழமும் அரை சென்டிமீட்டர்தான். நீளமான போல்ட்டாக இருந்தால் நடுவில் நட்டும் வாஷரும் போட்டு நிறுத்துங்கள்.

3. அட்டைப்பெட்டியில் "5 கிலோ தாங்கும்" என்று இருப்பதை வைத்து வாங்காதீர்கள். அது உடையாமல் தாங்கும் எடை. ஆடாமல் தாங்கும் எடை அதில் எங்கும் எழுதியிருக்காது. கேனன் 1500டி போன்ற கேமரா, கூடவே வரும் 18–55 லென்ஸோடு ஏறத்தாழ 700 கிராம். நீளமான ஜூம் போட்டால் ஒரு கிலோவைத் தொடும். அதைப்போல் மூன்று மடங்காவது பெட்டியில் எழுதியிருந்தால் எடுத்துப் பார்க்கலாம். அவ்வளவுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

4. காலைப் பாருங்கள், குறிப்பாகக் கடைசிக் காலை.

விளம்பரத்தில் காட்டுவது மேல்குழாயின் தடிமனை. நீங்கள் பார்க்க வேண்டியது தரையைத் தொடும் கடைசிக் குழாயை. ஒரே கனமுள்ள தகட்டில் செய்த குழாயின் விட்டம் இரு மடங்கானால், வளைய மறுக்கும் சக்தி எட்டு மடங்காகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு மில்லிமீட்டர் இளைப்பதும் எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு, ஐந்து மடிப்புள்ள கால்கள் பைக்குள் அடக்கமாகப் போகும், ஆனால் கடைசிக் குழாய் பென்சில் பருமனுக்கு வந்துவிடும். ஒரே விலையில் மூன்று மடிப்பும் நான்கு மடிப்பும் இருந்தால் மூன்றை எடுங்கள். மடித்தாலும் நீளமாக இருக்கும், பஸ்ஸில் நாலு பேர் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

ஆயிரம், ஆயிரத்தைந்நூறில் கிடைப்பவற்றில் பலவற்றுக்குக் குழாயே கிடையாது. மடித்த தகட்டுச் சட்டம்தான் கால், மேலே பிளாஸ்டிக் தோள். மூன்று கால்களையும் நடுவில் பிணைக்கும் கைகள் இருப்பதால் உறுதியாகத் தெரியும். அந்தக் கைகள் தடுப்பதால் கால்களைத் தாழ்த்திப் பரப்பவும் முடியாது, மேடு பள்ளத்தில் ஒவ்வொரு காலையும் தனித்தனிக் கோணத்தில் வைக்கவும் முடியாது. போனுக்கும் சின்ன கேமராவுக்கும் அது போதும். ஜூம் லென்ஸ் போட்ட எஸ்எல்ஆருக்குப் போதாது.

5. நடுத்தண்டை ஏற்றி உயரம் காட்டும் வித்தைக்கு மயங்காதீர்கள். "65 அங்குலம்" என்றால் எத்தனை அங்குலம் கால், எத்தனை தண்டு என்று கேளுங்கள். தண்டு முழுக்க ஏறிய பிறகு மூன்று காலில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறீர்கள், உண்மையில் கேமரா நிற்பது ஒற்றைக் கம்பியில். சராசரி உயரமுள்ளவருக்குக் கால்கள் மட்டும் 130 சென்டிமீட்டர் வந்தால் தாராளம். அதற்கும் குறைவா? குனியுங்கள்.

6. கடையில் சோதித்து வாங்குங்கள்.

சொந்தக் கேமராவையும், இருப்பதில் நீளமான லென்ஸையும் எடுத்துப்போங்கள். கால்களை முழுக்க நீட்டி, எல்லா லாக்கையும் போட்டு, கேமரா மாட்டும் தலையின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். ஏதாவது ஒரு கால் சரசரவென்று உள்ளே இறங்கினால் அத்தோடு முடிந்தது. இறங்கவில்லையென்றால் தலையைப் பிடித்து இடமும் வலமுமாக முறுக்குங்கள். மலிவான முக்காலிகள் பலவற்றின் வண்டவாளம் இந்த முறுக்கலில்தான் தெரியும். கால் அப்படியே நிற்க, தோள் மட்டும் தனியாகத் திரும்பும்.

பிறகு கேமராவை மாட்டி, லைவ் வியூ போட்டு, எதிர்க்கடைப் பலகையில் ஒரு எழுத்தைப் பத்து மடங்கு பெரிதாக்குங்கள். ஒரு காலை விரலால் லேசாகச் சுண்டுங்கள். திரையில் எழுத்து நடுங்கும். ஒரு நொடிக்குள் அடங்கினால் நல்ல சரக்கு. இரண்டு நொடி ஆனால் சமாளிக்கலாம். மூன்றைத் தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். கடைக்காரர் முகம் கொஞ்சம் மாறும், அதைப் பார்த்துக் கூச்சப்பட்டு வாங்கிவிடாதீர்கள். ஆன்லைனில் வாங்கினால் இதே சோதனையை வீட்டில், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்யுங்கள்.

தோளில் பதித்திருக்கும் குட்டி ரசமட்டத்தைக் காட்டி விற்பார்கள். இன்றைக்குப் பல கேமராக்களின் திரையிலேயே அது வந்துவிட்டது. அதற்காக நூறு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

7. பிளேட் விஷயத்தில் ஏமாறாதீர்கள்.

கேமராவின் அடியில் திருகி, தலையில் சட்டென்று மாட்டிக் கழற்றும் சின்னத் தகடு அது. மலிவான ட்ரைபாடுகளில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வடிவம், அதுவும் பிளாஸ்டிக்கில். தொலைந்தாலோ உடைந்தாலோ அதே பிளேட்டைத் தேடி ஊரெல்லாம் அலைய வேண்டும். கிடைக்காதபோது முழு ட்ரைபாடும் பரணுக்குப் போய்விடும். எத்தனையோ வீட்டுப் பரண்களில் காலெல்லாம் நன்றாக இருந்தும் பிளேட் இல்லாத முக்காலிகள் கிடக்கின்றன. ஆர்கா ஸ்விஸ் முறை என்று கேட்டு வாங்குங்கள். சுமார் 38 மில்லிமீட்டர் அகலத்தில் ஓரம் சரித்த உலோகத் தகடு. பல கம்பெனிகளும் அந்த அளவில் செய்வதால் ஒன்று போனால் இன்னொன்று சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். வாங்கும்போதே ஓர் உபரி பிளேட்டும் வாங்கிவிடுங்கள்.

8. தலை எது? படம் மட்டும் என்றால் பால் ஹெட். வீடியோவும் உண்டென்றால் கைப்பிடி வைத்த பேன் ஹெட். குறைந்த விலைத் தலையில் "ஃப்ளூயிட்" என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பெயரில் மட்டும்தான், திருப்பிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

9. விலை நிலவரம், தோராயமாக.

ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் வரை நான் மேலே சொன்ன தகட்டுக்கால் ரகம். சிம்பெக்ஸ், டிஜிடெக் என்று கடைகளில் நிறையப் பார்ப்பீர்கள். இந்தப் பெயர்களிலேயே தடித்த அலுமினியக் குழாயும் பால் ஹெட்டும் ஆர்கா பிளேட்டும் உள்ள மாடல்கள் மூன்றாயிரத்திலிருந்து ஆறாயிரத்துக்குள் வருகின்றன. அதனால் பெயரைப் பார்க்காதீர்கள், மாடலைப் பாருங்கள். இத்தாலிய மான்ஃப்ரோட்டோ, 1917இல் பிரான்சில் தொடங்கிய கிட்ஸோ இவையெல்லாம் வேறு உலகம், இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம். கார்பன் ஃபைபரும் அப்படித்தான். அதில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது சில நூறு கிராம் எடைக் குறைவை.

என் தீர்ப்பைக் கேட்டால், இரண்டாயிரத்துக்குப் புதுசாக ஒன்றை வாங்குவதைவிட அதே காசுக்குப் பழைய அலுமினிய ட்ரைபாட் வாங்குவது மேல். அதுவும் அமையாவிட்டால் கொள்ளுப் பையை வைத்துச் சமாளித்து, நாலாயிரம் சேரும்வரை பொறுங்கள். மலிவாக ஒன்று வாங்கி, வெறுத்து, மறுபடி நல்லதாக வாங்குகிறவர் கடைசியில் செலவழிப்பது ஆறாயிரம்.

10. பழசு வாங்க வெட்கப்படாதீர்கள். கேமராவைப்போல் உள்ளே கெட்டுப்போக ட்ரைபாடில் எதுவும் இல்லை. மந்த்ரி ஸ்கொயர் சம்பிகே ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் மெஜஸ்டிக், அதற்கடுத்து சிக்பேட்டை. ஞாயிற்றுக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் ரோட்டுப் பக்கம் நடைபாதைச் சந்தை கூடும். ஸ்லிக், வெல்பான் போன்ற பழைய ஜப்பான் சரக்கு எப்போதாவது கண்ணில் படும். பார்க்க வேண்டியவை: ஒவ்வொரு லாக்கும் பிடிக்கிறதா, குழாயில் நசுங்கல் உண்டா, மூன்று ரப்பர் புஷ்ஷும் இருக்கின்றனவா, பிளேட் கூடவே வருகிறதா. ரப்பர் புஷ் போயிருந்தால் ஹார்டுவேர் கடையில் நாற்காலிக்கு மாட்டுவதே பொருந்தும். கிளிப் லாக் தளர்ந்திருந்தால் பெரும்பாலும் ஆலன் கீ வைத்து அரைச் சுற்று முறுக்கினால் சரியாகிவிடும். பிளேட் இல்லையென்றால், தலையைக் கழற்றி வேறு தலை போட முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

11. சுமாரான ட்ரைபாடையும் நல்லபடியாக வேலை வாங்கலாம்.

தடித்த மேல்குழாயை முதலில் நீட்டுங்கள், மெலிந்த கடைசிக் குழாயை முடிந்தவரை உள்ளேயே விடுங்கள். நடுத்தண்டுக் கொக்கியில் ஒரு கட்டைப்பையை மாட்டி, தண்ணீர் பாட்டில்களைப் போடுங்கள். பை காற்றில் ஊசலாடக் கூடாது, அடி தரையில் லேசாகப் பட்டுக்கொண்டிருக்கட்டும். கையால் ஷட்டரை அழுத்தாமல் டைமர் வையுங்கள். இரண்டு நொடி டைமர் நல்ல முக்காலிக்கு. உங்களுடையதற்குப் பத்து நொடி வையுங்கள், அதற்குள் ஆட்டம் அடங்கிவிடும். லென்ஸில் ஆட்டம் அடக்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். முக்காலியில் நிற்கும்போது சில லென்ஸ்களில் அதுவே ஆட்டத்தைக் கிளப்பும். 1882இல் வெட்டிய சாங்கி ஏரியில் அந்தி நேரம் பதினைந்து நொடி எக்ஸ்போஷர் எடுக்க, இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் ஆயிரத்தைந்நூறு ரூபாய் ட்ரைபாடே போதும்.

12. எங்கே விரிக்கலாம், எங்கே கூடாது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

காடு மல்லேஸ்வரர் கோயில், சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பியும் பின்னாளில் தஞ்சையை ஆண்டவருமான வெங்கோஜி கட்டியதாகச் சொல்லப்படுவது. எதிரே நந்தி தீர்த்தத்தில் நந்தியின் வாயிலிருந்து லிங்கத்தின்மேல் நீர் விழுவதைப் பார்த்ததும் உங்கள் கை முக்காலிக்குத்தான் போகும். அர்ச்சகரிடம் கேட்காமல் விரிக்காதீர்கள். கார்த்திகையில் கடலைக்காய் பரிஷெ என்ற திருவிழா நடக்கும்போது கேட்டாலும் விரிக்காதீர்கள். அந்தக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் கால் தடுக்கி விழுந்தால் உங்கள் படத்தால் அதற்கு ஈடு செய்ய முடியாது. கச்சேரிக்குப் போனால், பதினான்காவது கிராஸ் சேவா சதனாக இருந்தாலும் வயலின் வடிவத்துச் சௌடையா அரங்கமாக இருந்தாலும், நடைவழியில் மூன்று காலைப் பரப்பாதீர்கள். ஒற்றைக்கால் மோனோபாட் போதும். மிருதங்கக்காரர் கை எப்படியும் உங்கள் முக்காலிக்காக நிற்கப்போவதில்லை.

தொல்லியல் துறைச் சின்னங்களில் கேமராவுக்குத் தடையில்லாத இடத்திலும் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வேண்டும். நம் ஊர் திப்பு கோடை அரண்மனையும், தஞ்சைப் பெரிய கோயிலும் அதில் சேர்த்தி. காவலாளியோடு வாதாடிப் பயனில்லை, அவர் விதியைத்தான் சொல்கிறார்.

13. கடற்கரைக்கு எடுத்துப்போனால், திரும்பியதும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு குழாயையும் நீட்டித் துடைத்துக் காயவிட்டு மடியுங்கள். மெரினா மணல் ஒரு பிடி உள்ளே போனால் திருகு லாக் அதற்கப்புறம் நறநறவென்றுதான் திரும்பும்.

14. நாளைக்கு நீங்களும் சம்பாதித்து நல்லதாக ஒன்று வாங்குவீர்கள். அன்றைக்குப் பழையதைப் பரணில் போடாமல், ஏரிக்கரையில் புதுக் கேமராவோடு நிற்கும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிடுங்கள். மறக்காமல் பிளேட்டோடு கொடுங்கள்.