பேனல் போர்டுக்குள் இருக்கும் பட்டை: மில், கிட்டங்கி வைத்திருப்போர் கவனத்திற்கு

வத்தல் வாங்கும்போது கையால் நொறுக்கிப் பார்க்கிறோம். துவரையை வாயில் போட்டுக் கடித்து ஈரம் பார்க்கிறோம். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொடுத்து மில்லுக்கு பேனல் போர்டு செய்யச் சொல்லும்போது மட்டும், வெளியே அடித்திருக்கும் பெயின்டையும் மினுக்கும் விளக்குகளையும் பார்த்துத் திருப்தியடைந்து விடுகிறோம். கதவைத் திறந்து உள்ளே இருக்கும் பஸ்பாரைப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பஸ்பார் என்பது செம்பு அல்லது அலுமினியப் பட்டை. மூன்று ஃபேஸுக்கு மூன்று, நியூட்ரலுக்கு ஒன்று. இதை நம் கமிஷன் மண்டி போல எண்ணிக்கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் சரக்கு முழுவதும் ஒரே இடத்தில் இறங்கி, அங்கிருந்து கடை கடையாகப் பிரிந்து போகிறது அல்லவா? அதுபோல மின்வாரியத்தின் மீட்டரைத் தாண்டி வரும் மின்சாரம் முழுவதும் இந்தப் பட்டையில் இறங்கித்தான் ஒவ்வொரு மோட்டாருக்கும் பிரிகிறது. ஒரு மோட்டார் எரிந்தால் அந்த மிஷின் மட்டும் நிற்கும். பஸ்பார் எரிந்தால் மில்லே நிற்கும். அதுவும் பெரும்பாலும் லோடு அதிகமாக ஓடும் சீசனில்தான் நிற்கும்.

அளவுக் கணக்கு ஒன்றும் பெரிய வித்தை அல்ல. மூன்று ஃபேஸ் 415 வோல்ட்டில் ஒரு எச்.பி. மோட்டாருக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆம்பியர் என்பது ஒயர்மேன்கள் வாய்க்கணக்கு. 100 எச்.பி. ஓடும் ஒரு பருப்பு மில்லுக்கு 145 ஆம்பியர் அளவில் வரும். நாளைக்கு ஒரு மிஷின் சேர்ப்போம் என்பதையும் எண்ணி 200 ஆம்பியருக்குப் பட்டை போடுவது முறை. அலுமினியத்தில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 0.8 ஆம்பியர் என்று பட்டறைகளில் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியானால் 250 சதுர மில்லிமீட்டர் வேண்டும். அதாவது 50 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம். செம்பில் சதுர மில்லிமீட்டருக்கு 1.2 முதல் 1.6 வரை எடுக்கலாம். 25க்கு 6 போதும்.

இதைக் கிலோவில் பார்ப்போம், நமக்கு அதுதான் புரியும். அந்த அலுமினியப் பட்டை மீட்டருக்கு சுமார் 675 கிராம். செம்புப் பட்டை 1 கிலோ 335 கிராம். ஒன்றரை மீட்டர் வீதம் நான்கு பட்டைக்கு 6 மீட்டர் என்றால், அலுமினியம் 4 கிலோ, செம்பு 8 கிலோ. செம்பின் கிலோ விலை அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் என்பதால் மொத்த வித்தியாசம் ஆறு மடங்கைத் தாண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பட்டையின் கனத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கிறவர் மிச்சம் பிடிப்பது வெறும் 2 கிலோ அலுமினியம்! கொட்டேஷனில் நாம் அடித்துப் பேசிக் குறைக்கும் தொகை பல சமயம் இந்த இரண்டு கிலோவிலிருந்துதான் வருகிறது.

அலுமினியம் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. நம் பருப்பு, எண்ணெய் மில்களுக்கு அது தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம். அதே 250 சதுர மில்லிமீட்டரை 25க்கு 10 என்று கட்டையாகப் போடுவதைவிட 50க்கு 5 என்று தட்டையாகப் போட்டால் காற்றுப் படும் பரப்பு அதிகம், சூடு குறைவு. பட்டையைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்திப் பொருத்துவதும் இதற்காகத்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பட்டை நடுவில் எரிவது அபூர்வம். எரிவது மூட்டு. பட்டையோடு பட்டை சேரும் இடம், கேபிள் லக் உட்காரும் இடம், பிரேக்கருக்குக் கிளை இறங்கும் இடம், இவைதான் எரிகின்றன. மூட்டு ஒன்று தளர்ந்து, அதன் தடை ஓம் அளவில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 145 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு இடத்தில் 21 வாட் சூடு பிறக்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் அளவு! நல்ல பட்டையில் எட்டரை மீட்டர் நீளத்துக்குப் பரவ வேண்டிய சூடு இது. அது ஒரு போல்ட்டைச் சுற்றி நாள் முழுக்க இருந்தால் என்ன ஆகும்? சூட்டில் உலோகம் விரியும், இரவு மில் நின்றதும் சுருங்கும், போல்ட்டு இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். எங்கள் பக்கம் ஒரு மில்லில் மூன்று மாதம் ஏதோ ரப்பர் கருகும் வாசனை வந்துகொண்டிருந்திருக்கிறது. பெல்ட்டு தேய்கிறது என்று இரண்டு முறை பெல்ட்டை மாற்றினார்கள். பேனலைத் திறந்து பார்த்தபோது நடு ஃபேஸின் மூட்டு கறுத்து, ஸ்லீவ் உருகி வழிந்திருந்தது.

அலுமினியத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. காற்றுப் பட்ட மாத்திரத்தில் அதன்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஏறிவிடும். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே மூட்டு போடும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உடனே கான்டாக்ட் கிரீஸ் தடவி, தாமதமில்லாமல் முடுக்க வேண்டும். காலையில் தேய்த்து வைத்துவிட்டு டீ குடித்து வந்து முடுக்கினால் தேய்த்தது வீண். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நீளம் பட்டையின் அகலத்துக்குக் குறையக் கூடாது. போல்ட்டு உயர் வலிமை ரகமாக, ஸ்பிரிங் வாஷரோடு, டார்க் ஸ்பேனரால் அளவாக முடுக்கியதாக இருக்க வேண்டும். செம்பும் அலுமினியமும் நேராகச் சேரும் இடத்தில் ஈரம் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும். அங்கே வெள்ளீயம் பூசிய செம்போ, இரட்டை உலோக லக்கோ கேட்டு வாங்குங்கள்.

பட்டையைத் தாங்கும் சப்போர்ட்டுக்கு வருவோம். 250 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் முழு லோடில் கொடுப்பது சுமார் 350 ஆம்பியர். ஷார்ட் ஆனால் அதன் வாயிலேயே 8,500 ஆம்பியருக்கு மேல் பாயும். நம் மில் வரை வரும் கேபிள் அதைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். அந்த நொடியில் 75 மி.மீ. இடைவெளியில் நிற்கும் இரண்டு பட்டைகள் ஒன்றையொன்று தள்ளும் விசை ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 50 கிலோ. பருப்பு மூட்டை ஒன்றைத் தூக்கிப் பட்டைமேல் போட்டதற்குச் சமம். கரண்ட் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மரப்பலகையில் பட்டையைத் திருகி வைத்திருக்கும் பழைய போர்டுகள் இன்னும் சில கிட்டங்கிகளில் உண்டு. அவற்றை மாற்றி, எளிதில் தீப்பிடிக்காத எஸ்.எம்.சி. சப்போர்ட்டு போடுவது நல்லது. ஃபேஸுக்கு ஃபேஸ் 25 மி.மீ. இடைவெளியாவது வேண்டும்.

நியூட்ரலைப் பாதி அளவில் போடுவது அந்தக் காலத்து வழக்கம். மோட்டார் மட்டும் ஓடிய நாட்களில் அது சரி. இப்போது கடைகளில் எல்.இ.டி. விளக்கு, கம்ப்யூட்டர், யு.பி.எஸ்.; சிவகாசி அச்சகங்களில் கேட்கவே வேண்டாம். இவற்றால் நியூட்ரலில் கரண்ட் கூடுகிறது. முழு அளவே போடச் சொல்லுங்கள்.

பேனல்களுக்கான ஐ.ஈ.சி. 61439 தர விதி சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரியைத் தாண்டாது, ஒரு நாள் சராசரி 35 என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. சித்திரை, வைகாசியில் நம் தகரக் கொட்டகைக்குள் அந்தக் கணக்கு நிற்குமா? ஆகவே ஒரு சைஸ் கூட்டிப் போடுவது வீண் செலவு அல்ல. பருப்புத் தூசி, வத்தல் தூசி உள்ளே புகாதபடி ரப்பர் பீடிங் வைத்த கதவு வேண்டும். கேபிள் நுழையும் ஓட்டைகளை கிளாண்டு போட்டு அடைக்க வேண்டும். இரண்டு பட்டைக்கு நடுவே விழும் ஒரு பல்லி போதும், மில்லை நிறுத்த.

பட்டாசு விற்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆலைகளில் மருந்து கலக்கும், அடைக்கும் அறைகளில் மின்சாரமே வைப்பதில்லை. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. தீபாவளித் தற்காலிகக் கடைகளுக்கோ, வெடிபொருள் விதிகள் 2008-ன்படி விளக்குகள் சுவரிலோ கூரையிலோ பதிந்திருக்க வேண்டும், ஒயரில் தொங்கக் கூடாது. சுவிட்சும் சுவரில் அசையாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மாஸ்டர் சுவிட்ச் வேண்டும். அந்த வரிசைக் கடைகளின் கரண்ட் எல்லாம் சேரும் போர்டை வாடகைக்கு எடுக்கும்போது, போன வருடம் மழையில் கிடந்ததா, மூட்டுகள் பச்சை பூத்திருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள்.

கொட்டேஷன் கேட்கும்போது "200 ஆம்பியர் பேனல்" என்று மட்டும் எழுதாமல், பட்டையின் உலோகம், அகலம், கனம், நியூட்ரல் அளவு, சப்போர்ட்டு ரகம் ஐந்தையும் எழுத்தில் கேளுங்கள். பேனல் வந்து இறங்கியதும், கரண்ட் கொடுக்கும் முன்பே, பட்டையை அளந்து பாருங்கள். முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் பெயின்டில் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். கோடு விலகியிருந்தால் போல்ட்டு தளர்ந்தது என்று பொருள். ஓட ஆரம்பித்த முதல் மாதத்தில் ஒரு தடவை, பிறகு சீசனுக்கு முன் ஆண்டுக்கு ஒரு தடவை, மெயினை நிறுத்தி உரிமம் பெற்ற ஒயர்மேனை வைத்துக் கோடுகளைச் சரிபார்த்தால் அரை நாள் வேலைதான். அந்த அரை நாளை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளலாம்.