அயனியைக் கண்டால் ஒளிரும் மூலக்கூறு

இரத்தத்தின் தெளிநீரான சீரத்தில் ஒரு லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை பொட்டாசியம் அயனி இருப்பது இயல்பு. சிறுநீரகம் பழுதுபட்டால் இந்த அளவு ஏறும். மிகவும் ஏறினால் இதயமே நின்றுவிடக்கூடும். ஆகவே மருத்துவர் இதை விரைவாக அறிய வேண்டும். ஆனால் அதே சீரத்தில் சோடியம் அயனி சுமார் 140 மில்லிமோல் இருக்கிறது! இரண்டுமே நிறமற்றவை, இரண்டுக்கும் ஒரே மின்னூட்டம். ஏறக்குறைய முப்பது சோடியத்தின் நடுவே ஒரு பொட்டாசியத்தை இனங்காண்பது எப்படி?

ஒளியால் விடை சொல்லும் மூலக்கூறு ஒன்றை அமைப்போம். அதற்கு மூன்று உறுப்புகள் தேவை: அயனியைப் பிடிக்கும் பகுதி, ஒளிரும் பகுதி, இவ்விரண்டையும் இணைக்கும் சிறு பாலம்.

பிடிக்கும் பகுதி

1967-இல் சார்லஸ் பெடர்சன் என்ற அமெரிக்க வேதியியலார் கிரௌன் ஈதர் என்னும் வளைய மூலக்கூறுகளை அறிவித்தார். அவற்றுள் 18 அணுக்கள் கொண்ட வளையத்தின் துளை ஏறக்குறைய 3 ஆங்ஸ்ட்ராம். பொட்டாசியம் அயனியின் விட்டம் சுமார் 2.7 ஆங்ஸ்ட்ராம், அது துளையில் பொருந்தி அமர்கிறது. சுமார் 2 ஆங்ஸ்ட்ராம் விட்டமுள்ள சோடியம் அயனிக்கோ அந்தத் துளை பெரிது, பிடிப்பு குறைவு.

ஒளிரும் பகுதி

ஆந்த்ரசீன் மீது புற ஊதாக் கதிர் பட்டால், அதன் எலெக்ட்ரான் ஒன்று மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவும். திரும்பி இறங்கும்போது நீல ஒளி வெளிப்படும். 1986-இல் இலங்கை வேதியியலாரான பிரசன்ன டி சில்வாவும் உடன் ஆய்வாளரும் ஆந்த்ரசீனை, நைட்ரஜன் அணு ஒன்று கொண்ட கிரௌன் வளையத்துடன் இணைத்தனர். வளையம் காலியாக இருந்தபோது ஒளி மிகமிக மங்கல். ஏன்?

எலெக்ட்ரான் மேலே சென்றதும் கீழ் மட்டத்தில் ஓர் இடம் காலியாகிறதல்லவா? நைட்ரஜனின் எலெக்ட்ரான் ஒன்று பாலத்தைக் கடந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலே சென்ற எலெக்ட்ரானுக்கு ஒளியை உமிழ்ந்து இறங்க வழியில்லை. அதன் ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. இப்போது வளையத்தில் பொட்டாசியம் வந்து அமரட்டும். அதன் நேர்மின்னூட்டம் நைட்ரஜனின் எலெக்ட்ரான்களைத் தன்பால் இழுத்து நிறுத்துகிறது. தாவல் தடைப்படுகிறது, ஆந்த்ரசீன் ஒளிர்கிறது! அயனியே இங்கு விளக்கின் சுவிட்சு.

இச்சோதனை மெத்தனாலில் நடந்தது. நீரில் நிலைமை வேறு: நீர் மூலக்கூறுகள் அயனியைச் சூழ்ந்துகொள்வதால் வளையத்தின் பிடி தளர்ந்துவிடும். எனவே வளையத்துக்குப் பதிலாக, அயனியை எல்லாப் பக்கமும் சூழும் கூண்டு தேவைப்பட்டது. 2003-இல் அத்தகைய கூண்டு மூலக்கூறு ஒன்று வெளியாயிற்று. சோடியம் மிகுந்த இரத்தத்திலும் அது பொட்டாசியத்தை அளந்து காட்டியது.

சோடியத்தைக் கண்டறிய வேண்டுமானால் இம்மூன்று உறுப்புகளில் எதை மாற்றுவீர்கள்? எப்படி மாற்றுவீர்கள்? சிந்தித்துப் பாருங்கள்.