அம்பாசடரின் சாவி சுவிட்சுக்கு மாற்றாக டாகிளும் புஷ் பட்டனும்

காரின் சாவி சுவிட்ச் என்பது, பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைச் சாவி திரும்பும் நிலைக்கேற்ப மூன்று வழிகளில் அனுப்பும் தொடுமுனைப் பெட்டியாகும். முதல் வழி ரேடியோ, மின்விசிறி போன்ற துணைக் கருவிகளுக்கும், இரண்டாவது வழி பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறிக்குரிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலுக்கும், மூன்றாவது வழி பட்டறைகளில் செல்ஃப் எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் செல்கின்றன. 2014 மே மாதத்தில் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்றுவிட்ட அம்பாசடரை மேட்டூர், ஓமலூர், சங்ககிரி வட்டாரங்களில் இன்னும் ஓட்டிவருவோர்க்கு, இப்பெட்டியின் முனைகள் தேய்ந்தோ கருகியோ போகும்போது, தரமான புதிய சுவிட்ச் கிடைக்குமானால் அதைப் பொருத்துவதே நேர்வழி. கிடைக்காதபோது, அவ்வழிகளைத் தனித்தனியே பிரித்து, முதல் இரண்டுக்கும் டாகிள் சுவிட்சுகளையும், அதாவது சிறு நெம்புகோலைத் தள்ளி இயக்கும் சுவிட்சுகளையும், மூன்றாவதற்கு ஒரு புஷ் பட்டனையும் அமைக்கலாம். போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் ஸ்டார்ட்டருக்குத் தனிக் குமிழே இருந்தது என்பதால், அவற்றின் வழிவந்த அம்பாசடருக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் அந்நியமானதன்று.

எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தாது. சாவித்துளை டாஷ்போர்டில் தனியாக அமைந்த பழைய வண்டிகளே இதற்கு ஏற்றவை. சாவியோடு ஸ்டியரிங் பூட்டும் இணைந்த வண்டிகளில், பூட்டின் நாக்கு ஓடும் வழியில் விழுந்தால் ஸ்டியரிங் இறுகிவிடும் என்பதால், அங்கே இம்முயற்சியை மேற்கொள்ளவே கூடாது. சாவிக்குள் இருக்கும் சில்லை அடையாளம் கண்ட பின்னரே இன்ஜினை இயங்கவிடும் புதிய கார்களுக்கும் இது உதவாது.

சுவிட்சைக் கழற்றுவதற்கு முன், பழுது அதில்தான் என்பதை உறுதிசெய்தல் வேண்டும். நல்ல பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். சாவியை இன்ஜின் ஓடும் நிலையில் வைத்து, வைப்பரை இயக்கி, சுவிட்சின் உள்வரும் முனைக்கும் காயிலுக்குச் செல்லும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்தால், அதில் காணும் எண் அரை வோல்ட்டை எட்டுமாயின் உள்முனைகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். வைப்பரை இயக்காமல் அளப்பது ஏமாற்றும். மின்னோட்டம் பாயாத தொடுமுனை எவ்வளவு கெட்டிருந்தாலும் மீட்டரில் நல்லதாகவே தெரியும். அடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, உள்வரும் முனையையும் ஸ்டார்ட்டர் முனையையும் ஒரு துண்டு வயரால் கணநேரம் இணைத்துப் பார்க்க வேண்டும். செல்ஃப் சுற்றினால் குறை சுவிட்சில் உள்ளது. சுற்றாவிட்டால் பேட்டரி முனைகள், பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் பட்டை, செல்ஃபுக்கு மின்சாரத்தை இணைக்கும் சோலனாய்டு ஆகியவற்றை முதலில் ஆராய வேண்டும். மாற்ற வேண்டாத சுவிட்சை மாற்றிவிட்டு, துரு ஏறிய எர்த் பட்டையை அப்படியே விட்டுவைப்பது பட்டறைகளில் அடிக்கடி நிகழும் விரயம்.

பொருள்களை வாங்குவதில் இவ்வட்டாரத்திற்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. நாமக்கல், சங்ககிரி உதிரிபாகக் கடைகள் பெரிதும் லாரிகளை நம்பி நடப்பவை. கனரக லாரிகளின் மின்னமைப்போ 24 வோல்ட். 24 வோல்ட் ரிலேயை 12 வோல்ட் காரில் பொருத்தினால், அதன் காந்தச்சுருள் தொடுமுனையை இழுக்கப் போதிய வலுவின்றிப் பேசாமல் இருந்துவிடும். சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தை இயக்கும் காந்த சுவிட்சே ரிலே என்பதால், அதன் மேல் 12 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தே வாங்க வேண்டும். டாகிளைப் பொறுத்தவரை, வீட்டு மின்சாரத்திற்குரிய 250 வோல்ட் அளவை நம்பலாகாது. வீட்டு மின்சாரம் ஒவ்வொரு சுழற்சியிலும் சுழியைத் தொடுவதால் முனைகள் பிரியும்போது எழும் பொறி தானே அணைகிறது. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தில் அவ்வாறு அணைவதில்லை. ஆகவே 12 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் 20 ஆம்பியர் தாங்கும், திருகு முனை கொண்ட டாகிள்கள் இரண்டு, கையை எடுத்ததும் தானே மீளும் புஷ் பட்டன் ஒன்று, 40 ஆம்பியர் ரிலே ஒன்று, பியூஸ் தாங்கிகள், 1, 2.5, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்கள், வயர் முனைகளில் பொருத்தும் லக்குகள் ஆகியவை போதும்.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். மிகப் பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைந்திருக்கக்கூடும் என்பதால், எந்த முனை எர்த் என்பதைக் கண்ணால் பார்த்தே முடிவுசெய்தல் நன்று. லூகாஸ் மரபில் பேட்டரியிலிருந்து வரும் வயர் பழுப்பு நிறமும், காயில் சுற்றுக்குரியது வெள்ளையும், ஸ்டார்ட்டருக்குரியது வெள்ளையில் சிவப்புக் கோடும் கொண்டவை. ஆயினும் பலமுறை வயரிங் மாற்றப்பட்ட வண்டியில் நிறம் சாட்சியாகாது. ஒவ்வொரு வயரையும் டெஸ்ட் லேம்பால் சோதித்துச் சீட்டு ஒட்டிய பின்னரே சுவிட்சிலிருந்து விடுவிக்க வேண்டும்.

பழுப்பு வயரிலிருந்து மூன்று கிளைகள் எடுக்கப்படுகின்றன. 20 ஆம்பியர் பியூஸ் வழியாகச் செல்லும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் முதல் டாகிளை அடைய, அதன் மறுமுனையில் வெள்ளை வயர் இணைகிறது. காயில் மட்டுமின்றி, வைப்பர், பிரேக் விளக்கு, சார்ஜ் விளக்கு ஆகியனவும் பொதுவாக இவ்வெள்ளை வயரையே நம்பியிருப்பதால், இங்கே மலிவான பியூஸ் தாங்கி ஓடும் இன்ஜினை நடுவழியில் நிறுத்திவிடும். 10 ஆம்பியர் பியூஸ் வழியாக இரண்டாவது டாகிளுக்குச் செல்லும் கிளை துணைக் கருவிகளுக்குரியது. மூன்றாவது கிளை, 4 சதுர மில்லிமீட்டர் வயராக, 30 ஆம்பியர் பியூஸ் வழியாக ரிலேயின் 30 எண் முனைக்குச் செல்ல, 87 எண் முனையிலிருந்து வெள்ளை-சிவப்பு வயர் சோலனாய்டுக்குப் போகிறது. ரிலேயின் 85 உடலோடு எர்த் செய்யப்படும். 86-க்கு 1 சதுர மில்லிமீட்டர் வயர் புஷ் பட்டனிலிருந்து வரும். பட்டனுக்கான மின்சாரத்தைப் பழுப்பு வயரிலிருந்து எடுக்காமல் முதல் டாகிளின் வெளிமுனையிலிருந்து எடுப்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி. அப்போதுதான் டாகிள் அணைந்திருக்கையில் குழந்தை பட்டனை அழுத்தினாலும் வண்டி கியரில் துள்ளாது. சோலனாய்டு இழுக்கும் கணத்தில் பாயும் மின்னோட்டத்தை ரிலே ஏற்றுக்கொள்வதால் பட்டனும் கருகாமல் நீடிக்கும்.

டாகிளை முழங்கால் படும் இடத்தில் வைப்பது ஆபத்து. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏற்காட்டுச் சாலையில் இறங்கும்போது முழங்கால் பட்டு இன்ஜின் அணைந்தால், வெற்றிட உதவியுடன் இயங்கும் பிரேக் உள்ள வண்டியில் மிதி கனத்துவிடக்கூடும். இழுத்துத் தள்ளினால் மட்டுமே நகரும் பூட்டு வகை டாகிளையோ, மூடி பொருத்திய டாகிளையோ இதற்குத் தேர்ந்தெடுக்கலாம். தகடு துளைத்த ஓரத்தை அரத்தால் தேய்த்து, வயர் நுழையுமிடத்தில் ரப்பர் வளையம் இடாவிட்டால், நாளடைவில் வயர் உரசிப் பற்றிக்கொள்ளும்.

டீசல் அம்பாசடரில் காயில் கிடையாது; அங்கே சாவி, எரிப்பறையை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக்கையும் இயக்கும். அதற்குத் தனி ரிலேயும், தானே மீளும் பட்டனும் தேவை. நிலையான டாகிளை வைத்து மறந்துவிட்டால் பிளக்குகள் எரிந்துபோகும்.

பேட்டரியை மீண்டும் இணைத்ததும், டாகிள் அணைந்த நிலையில் பட்டனை அழுத்தி, செல்ஃப் அசையாததை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பின்னர் டாகிளை இட்டுச் சார்ஜ் விளக்கு எரிவதையும், இன்ஜின் ஓடியதும் அது அணைவதையும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடாமல் டாகிள் மட்டும் நெடுநேரம் இடப்பட்டிருந்தால் காயில் சூடேறிக் கெடும் என்பதற்கு அவ்விளக்கே எச்சரிக்கை. மேட்டூரிலிருந்து மேச்சேரி வரை ஒருமுறை ஓட்டிவந்து, டாகிளின் முனைகளையும் பியூஸ் தாங்கிகளையும் கையால் தொட்டுப்பார்த்தால், தளர்ந்த இணைப்பு சூட்டினாலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

சாவி போனபின் திருட்டுக்கு எதிரான தடையும் போய்விடுகிறது. லாரிகளில் உள்ளதுபோல் பேட்டரியைத் துண்டிக்கும், கழற்றக்கூடிய சாவி கொண்ட சுவிட்ச் ஒன்றை மறைவாகப் பொருத்துவது அதை ஓரளவு ஈடுசெய்யும். வண்டி திருடுபோனால் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக மூலச் சாவிகளைக் கேட்பதால், பழைய சாவிகளைப் பத்திரப்படுத்திக்கொண்டு, செய்த மாற்றத்தை நிறுவனத்திற்கு எழுத்தில் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும். வயர்களின் நிறமும் பியூஸ்களின் அளவும் குறித்த ஒரு வரைபடத்தை டாஷ்போர்டு அறையின் உட்புறம் ஒட்டிவைத்தால், அடுத்து அவ்வண்டியைத் தொடும் எலக்ட்ரீசியன் ஒவ்வொரு வயரையும் முதலிலிருந்து தேட வேண்டியிராது.