துண்டு நெசவும் நூற்கணக்கும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் உண்டாகும் மனஸ்தாபங்கள் பல நூலைப் பற்றியவையே. சங்கம் கொடுத்த நூலின் எடைக்கும், அங்கத்தினர் கொண்டுவந்த துணியின் எடைக்கும் வித்தியாசம் ஏற்படுமானால், காரியதரிசி அங்கத்தினர்மேல் ஐயங்கொள்கிறார். அங்கத்தினரோ தராசின்மேல் ஐயங்கொள்கிறார். இவ்வாறு ஐயம் புகுந்த சங்கம் ஓங்கி வளர்தல் அரிது. இதற்குப் பரிகாரம் நூற்கணக்கை இரு திறத்தாரும் அறிந்திருத்தலேயாம். அடுக்களையில் பாத்திரம் துடைப்பதற்கு உதவும் பருத்தித் துண்டை உதாரணமாகக் கொண்டு அக்கணக்கு இங்கே விளக்கப்படுகிறது.

தேனிப் பிரதேசமும் நெசவும்

பெரியாறு அணை 1895-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது முதல் கம்பம் பள்ளத்தாக்கில் பாசனம் செழித்தது. கூடலூர், கம்பம், சின்னமனூர் முதலிய ஊர்களில் நெல்லும் வாழையும் திராட்சையும் விளைகின்றன. இத்தகைய ஆற்றுப் பாசனம் வாய்க்காத ஆண்டிபட்டிப் பக்கத்திலோ சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் ஆகிய ஊர்களில் நெசவே பல குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக இருந்து வந்திருக்கிறது. அங்கே பருத்திச் சேலை முக்கியமான சரக்கு, விசைத்தறிகளும் ஓடுகின்றன. தேனியில் நூற்பாலைகள் இருக்கின்றன. நூல் அருகில் கிடைப்பினும், அதைக் கடனாகக் கொடுத்துத் துணியைத் தாமே விலை வைத்து எடுத்துக்கொள்ளும் வியாபாரியின் கையை எதிர்பார்த்திருப்பதே தமிழ்நாட்டு நெசவாளர் பலரின் பழைய நிலைமை. அந்நிலைமையினின்று அவர்களை மீட்கவே நெசவாளர் சங்கங்கள் தோன்றின. 1935-ஆம் ஆண்டில் அவற்றுக்கெல்லாம் தலைமையாகச் சென்னை மாகாணத்தில் நிறுவப்பட்ட சங்கமே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று வழங்குகிறது.

1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கைத்தறிக்கென்று ஒதுக்கப்பட்ட இனங்களுள் துண்டும் ஒன்று. ஆயினும் சட்டம் சந்தையில் இடம் அளிக்குமேயன்றி நற்பெயரை அளிக்காது. நற்பெயர் துணியின் அளவிலும் அடர்த்தியிலும் இருக்கிறது.

நூலின் நம்பர்

840 கெஜம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம் எனப்படும். ஒரு ராத்தல் எடையில், அதாவது சுமார் 454 கிராமில், எத்தனை சிட்டங்கள் அடங்குமோ அதுவே அந்நூலின் நம்பர். ஆகையால் 20-ஆம் நம்பர் நூலில் ஒரு ராத்தலுக்கு 20 சிட்டம். 10 ராத்தல் கொண்ட ஒரு கட்டுக்கு 200 சிட்டம். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும்.

பாவுக் கணக்கு

தைத்து முடித்த பின் 20 அங்குல அகலமும் 30 அங்குல நீளமும் உள்ள துண்டு வேண்டும் என்று கொள்வோம். தறியினின்று இறக்கியதும் துணி சிறிது சுருங்குமாதலால் அச்சில் 21 அங்குல அகலத்துக்குப் பாவு பூட்டவேண்டும். அங்குலத்துக்கு 40 இழை வீதம் பாவு இழைகள் மொத்தம் 840 ஆகும். எனவே ஒரு கெஜப் பாவுக்குச் சரியாக ஒரு சிட்டம் செல்லும்.

நீளத்தில், சுருக்கத்துக்கும் ஓரம் மடித்துத் தைப்பதற்கும் சேர்த்து ஒரு துண்டுக்கு 32 அங்குலம் நெய்யவேண்டும். பாவு இழை ஊடைக்கு மேலும் கீழுமாக வளைந்து செல்வதாலும், வெட்டுமிடம் விடுவதாலும், அதற்கு 36 அங்குலப் பாவு வேண்டியிருக்கும். ஆகவே துண்டு ஒன்றுக்குப் பாவு ஒரு சிட்டம். இதை மனத்தில் வைப்பது எளிது.

ஊடைக் கணக்கு

அங்குலத்துக்கு 40 ஊடை வீதம் 32 அங்குலத்துக்கு 1,280 ஊடை. ஒவ்வொன்றும் 21 அங்குலம். பெருக்கினால் 26,880 அங்குலம், அதாவது ஏறக்குறைய 747 கெஜம். 100 துண்டுகளுக்கு இது சுமார் 89 சிட்டமாகும். பாவு 100 சிட்டத்தையும் கூட்டினால் துணியில் சேரும் நூல் 189 சிட்டம்.

கழிவுக் கணக்கு

பாவின் முடிவில் அச்சுக்கும் விழுதுக்கும் பின்னே நின்று நெய்ய இயலாமற் போகும் நூலும், புதுப் பாவைப் பிணைக்கையில் கழியும் நூலும் உண்டு. பாவு ஒன்றுக்கு இது ஒரு கெஜம் என்று வைத்துக்கொண்டால் கழிவு ஒரு சிட்டம். பாவு நீளமாயினும் குறுகியதாயினும் இக்கழிவு ஒன்றே. ஊடையில் தார் மாற்றும்போதும் இழை அறும்போதும் 100 துண்டுகளுக்கு 2½ சிட்டம் கழியும் எனக் கொள்ளலாம். சங்கங்கள் தங்கள் தறிகளில் அளந்து பார்த்து இவ்விரண்டு எண்களையும் திருத்திக்கொள்ளவேண்டும்.

ஆகவே 100 துண்டுகளை ஒரே பாவாக நெய்தால் 192½ சிட்டம் போதும். அவற்றையே பத்துப் பத்தாகப் பத்துப் பாவுகளில் நெய்தால் 201½ சிட்டம் வேண்டும். ஒரு கட்டு நூலில் முன்னதற்கு 7½ சிட்டம் மிஞ்சும். பின்னதற்கு 1½ சிட்டம் போதாது.

இரண்டு அங்கத்தினர்கள்

இனி இரண்டு அங்கத்தினர்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவருக்குச் சங்கம் கையிருப்பில்லாமல் நூலை ராத்தல் ராத்தலாகப் பத்துத் தடவையில் கொடுத்தது. கடைசியில் குறைந்த 1½ சிட்டத்தையும் அவர் கேட்டு வாங்கினார். பத்துப் பாவு போட்டு 100 துண்டுகளை ஒழுங்காக நெய்தார். அவருடைய துணி, வாங்கிய நூலுக்கு 12½ சிட்டம் குறைவாக நிறுக்கும்.

இரண்டாமவர் 192½ சிட்டத்தை ஒரே தடவையில் பெற்று ஒரே பாவாக நெய்தார். ஆனால் அங்குலத்துக்கு 40 ஊடைக்குப் பதில் 36 மட்டுமே போட்டார். துண்டுக்கு 128 ஊடை வீதம் 100 துண்டுகளில் ஏறக்குறைய 9 சிட்டம் அவர் வீட்டில் தங்கியது. அவருடைய துணியும் 12½ சிட்டமே குறைவாக நிறுக்கும்.

நியாயமான கழிவு 3½ சிட்டம். அதற்குமேல் இருவரிடமும் 9 சிட்டம் குறைகிறது. எடையை மட்டும் பார்ப்பவருக்கு இருவரும் ஒன்றே. இரண்டாமவர் கஞ்சியைக் கனமாக ஏற்றிவிட்டாலோ அவரிடம் குறை தெரியாமலே போகும். பழி முழுவதும் முதலாமவர்மேல் விழும். உண்மையில் அவரிடம் நேர்ந்த நஷ்டத்துக்குக் காரணம், நூலைச் சில்லறையாகக் கொடுத்த சங்கமே.

ஈரமும் எடையை மாற்றும். முற்றும் உலர்ந்த பருத்தி நூல் 100 பங்குக்கு 8½ பங்கு ஈரம் இருப்பதை வியாபார வழக்கு ஏற்கிறது. மழைக்காலத்தில் இது கூடும், கோடையில் குறையும். ஐப்பசியில் வாங்கிய நூலைப் பங்குனியில் துணியாக நிறுத்தால், யாரும் எடுக்காமலே எடை குறையும்.

செய்யவேண்டியவை

1. நூல் கொடுக்கும்போது எடையோடு நம்பரையும் சிட்ட எண்ணிக்கையையும் அங்கத்தினரின் பாஸ்புத்தகத்தில் எழுதவேண்டும்.

2. கூடியவரை நீளமான பாவுக்குப் போதுமான நூலை ஒரே தடவையில் கொடுக்கவேண்டும்.

3. பாவின் கடைசியில் கழிந்த நூலை அங்கத்தினர் சங்கத்துக்குக் கொண்டுவரவேண்டும். அதுவே அவருக்குச் சாட்சி.

4. துண்டைத் தளர விரித்து, மூன்று இடங்களில் ஓர் அங்குலத்துக்குள் உள்ள ஊடைகளை, அங்கத்தினர் முன்னிலையிலேயே எண்ணவேண்டும். தறியினின்று இறங்கிய துணி சுருங்குவதால் 40 என்பது 41 ஆகலாம், 40-க்குக் குறையலாகாது.

5. நூறில் ஒரு துண்டைச் சலவைச் சோடா கலந்த நீரில் வேகவைத்து அலசி உலர்த்திப் பார்க்கவேண்டும். அப்போது கஞ்சி நீங்கி உண்மையான அடர்த்தி தெரியும். பருத்தியில் இயற்கையாக உள்ள மெழுகும் நீங்கும். அதன்மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உறிஞ்சவேண்டும். நீர் முத்துப்போல் நிற்குமாயின் அத்துண்டு அடுக்களைக்கு உதவாது.

அடுக்களைத் துண்டை வாங்கும் குடும்பப் பெண் நம்பரையும் ஊடையையும் அறியாள். ஆனால் இரண்டு சலவைக்குப் பின் துண்டு வலைபோல் ஆகிவிட்டால் மறுமுறை அச்சங்கத்தின் சரக்கை வாங்கமாட்டாள். அவளை ஏமாற்றிச் சேர்த்த 9 சிட்டம் சங்கத்து அங்கத்தினர் அனைவரின் வேலையையும் கெடுக்கும். அவ்வாறே, செய்யாத குற்றத்துக்குப் பழி சுமந்த நெசவாளி மீண்டும் வியாபாரியிடமே கடன் நூலுக்குப் போய் நிற்பார். ஆகையால் அடுத்த மகாசபைக் கூட்டத்தில் ஒரு துண்டையும் ஓர் அங்குலக் கோலையும் மேஜைமேல் வைத்து, இக்கணக்கை அங்கத்தினர்கள் யாவரும் தாமே ஒருமுறை போட்டுப் பார்ப்பது நலம்.